இருட்டுக்குள் ஒரு கடிகாரம்

கனகராயன்குளத்தில் மஃரிப் நேரம் நெருங்கும்போது வயல்களுக்கு மேலே சிறிய வௌவால்கள் பறப்பதைக் காணலாம். மரத்தில் தொங்கும் பழந்தின்னி வௌவாலுக்குச் சூரியன் மறைவது கண்ணுக்குத் தெரியும். ஆனால், பகலும் இரவும் ஒரே இருட்டாக இருக்கும் குகைக்குள் தொங்கும் வௌவாலுக்கு அந்தி வந்துவிட்டதென்று யார் சொல்வது? உயிரியற் கடிகாரம் பற்றிப் படித்த நாளிலிருந்து என்னை விடாத கேள்வி இது.

விடை தந்தது இலைமூக்கு வௌவால்களில் ஓரினம். விஞ்ஞானப் பெயர் ஹிப்போசைடெரொஸ் ஸ்பியோரிஸ். இலங்கையிலும் இந்தியாவிலும் மட்டுமே வாழ்கிறது. எடை சுமார் 10 கிராம்தான். மூக்கைச் சுற்றி இலைபோன்ற தோல் மடிப்பு. அதன் இருபுறமும் மும்மூன்று சிறு மடிப்புகள். படத்தைப் பார்த்த என் தங்கை முகம் சுளித்தாள். எனக்கோ அது அழகான கருவியாகவே தெரிகிறது. இந்த வௌவால் வாயால் அல்ல, மூக்கால் ஒலியெழுப்புகிறது. அந்த ஒலியை ஒரே திசையில் குவிப்பவை இம்மடிப்புகளே. நம் காதுக்கு 20 கிலோஹேர்ட்ஸ் எல்லை; இதன் ஒலியோ 120ஐத் தாண்டும். திரும்பி வரும் எதிரொலியைக் கேட்டே பூச்சிகளைப் பிடிக்கிறது.

மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தின் எம். கே. சந்திரசேகரன், ஜி. மாரிமுத்து முதலியோர் ஒரு வௌவாலைக் கூண்டில் அடைத்து, கூட்டம் வாழும் குகையின் ஒளி புகாத உட்பகுதியில் வைத்தார்கள். சூரியனைக் காணாமலே, கூட்டம் வெளியே கிளம்பும் நேரத்தில் அதுவும் கூண்டுக்குள் பறக்கத் தொடங்கியது. பின்பு கூட்டமில்லாத குகையில் ஒன்றைத் தனியே வைத்தார்கள். அதன் உடற்கடிகாரம் நிற்கவில்லை. ஆனால் 24 மணித்தியாலத்தோடு பொருந்தாமல் நாளுக்கு நாள் விலகிப் போனது. 1978இல் இம்முடிவு வெளியானது. நாளுக்குச் சில நிமிடம் பிசகும் மணிக்கூட்டை வானொலி நேரம் கேட்டு வாப்பா திருத்துவார் அல்லவா? தனி வௌவாலுக்கு அந்த வானொலி அதன் கூட்டம்தான்.

கூட்டத்துக்கு நேரம் எப்படித் தெரியும்? கிளம்புமுன் வௌவால்கள் குகை வாயில்வரை பறந்து வந்து, வெளிச்சம் குறைந்துவிட்டதா என்று பார்த்துத் திரும்புகின்றன.

இவ்வினம் பாழடைந்த கட்டடங்களிலும் தங்கும். தலைமயிரில் சிக்கும், வீட்டுக்கு ஆகாது என்று சொல்லிப் புகை போட்டு விரட்டுபவர்கள் உண்டு. தலைமயிரில் சிக்கும் என்பது வெறும் பயம். மெல்லிய கம்பியைக்கூட எதிரொலியால் அறிந்து விலகக்கூடிய பிராணி இது. ஒரு பிரசவத்தில் ஒரே குட்டிதான். பறக்கப் பழகாத குட்டிகள் இருக்கும் நாட்களில் புகை போட்டால், தாய்கள் பதறிப் பறக்கும்போது குட்டிகள் தரையில் விழுந்து இறந்துபோகும்.