கடல் மீன் தொட்டிக்கு எத்தனை சிட்டிகை தீவனம்?

கேள்வி: "ஓசூர் அருகே மத்திகிரியில் குடியிருக்கிறோம். வீட்டில் 200 லிட்டர் கடல்நீர் மீன்தொட்டி இருக்கிறது. விரல் நீளமுள்ள கோமாளி மீன் ஒரு ஜோடியும், டாம்செல் மீன் இரண்டும் வளர்க்கிறோம். காலையில் ஷிப்டுக்குப் போகும்முன் நான் ஒரு சிட்டிகை தீவனம் போடுகிறேன். பள்ளி விட்டு வந்ததும் பிள்ளைகள் போடுகிறார்கள். இரவில் அம்மா போடுகிறார். எப்போது போட்டாலும் மீன்கள் தின்றுவிடுகின்றன. ஆனால், கண்ணாடியில் பழுப்புப் பாசி படிந்துகொண்டே இருக்கிறது. வாரம் ஒருமுறை ஐந்தில் ஒரு பங்கு தண்ணீர் மாற்றியும், நைட்ரேட் லிட்டருக்கு 60 மில்லிகிராமுக்குக் குறையவில்லை. பெரிய ஃபில்டர் மாற்றச் சொல்கிறார் கடைக்காரர். மாற்றலாமா? ஒரு நாளைக்கு எவ்வளவு தீவனம் போட வேண்டும்?"

ஃபில்டர் வாங்குவதைத் தள்ளிவையுங்கள். முதலில் நகைக்கடையில் வைத்திருப்பது போன்ற ஒரு சிறிய மின்னணுத் தராசு வாங்குங்கள். உங்கள் வீட்டில் நான்கு மீன்களுக்கு மூன்று பேர் தீவனம் வைக்கிறீர்கள். அடுத்தவர் எவ்வளவு போட்டார் என்பது யாருக்கும் தெரியாது. பிரச்னை அங்கேதான் இருக்கிறது.

உங்கள் ஊரிலேயே 1824-ல் தொடங்கிய கால்நடைப் பண்ணை இருக்கிறது. அங்கும் சரி, வீட்டில் இரண்டு கறவை மாடு கட்டியிருப்பவரிடமும் சரி, அடர்தீவனம் எவ்வளவு வைக்கிறீர்கள் என்று கேட்டால் 'மாடு கேட்கிற அளவு' என்று யாரும் சொல்ல மாட்டார்கள். உடல் எடைக்கு இவ்வளவு, கறவைக்கு இவ்வளவு என்றுதான் சொல்வார்கள். மீனுக்கும் அதே முறைதான். ஒரே ஒரு வித்தியாசம், மாட்டின் சாணத்தையும் மூத்திரத்தையும் தொழுவத்திலிருந்து அள்ளிவிடலாம். மீன் தன் கழிவுக்குள்ளேயே மூச்சு விட வேண்டும். அதனால் தீவனத்தின் அளவை மீனின் பசியைப் பார்த்து முடிவு செய்யக் கூடாது. தண்ணீர் எவ்வளவு தாங்கும் என்று பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும்.

மீன் ஏன் எப்போதும் தின்கிறது?

'இரண்டு நிமிடத்தில் தின்று முடிக்கும் அளவு போடுங்கள்' என்று கடைகளில் சொல்வார்கள். தீவனம் வீணாகிறதா என்று கண்டுபிடிக்க அது உதவும். அளவை முடிவு செய்ய உதவாது. கோமாளி மீனும் டாம்செலும் கடலில் நீரோட்டத்தில் மிதந்து வரும் நுண்ணுயிர்களைப் பகல் முழுக்கக் கொத்தித் தின்று வாழ்பவை. கண்ணெதிரே வந்ததை விடக் கூடாது என்பது அவற்றின் இயல்பு. அதனால் வயிறு நிறைந்த பிறகும் கொத்தும். உடலில் சேராதது கழிவாக வெளியே வந்துவிடும்.

மீன் தின்னும் புரதத்தில் இருக்கும் தழைச்சத்தில் ஒரு பங்குதான் உடலில் தங்குகிறது. பாதிக்கு மேல் செவுள் வழியாக அம்மோனியாவாகவும், கழிவாகவும் தண்ணீருக்குப் போகிறது. தின்னாமல் அடியில் தங்கி அழுகும் தீவனத்தில் இருப்பது முழுவதும் தண்ணீருக்குத்தான். தொட்டியிலுள்ள பாக்டீரியாக்கள் அம்மோனியாவை நைட்ரைட்டாகவும், பிறகு நைட்ரேட்டாகவும் மாற்றுகின்றன. வயலில் போட்ட யூரியாவுக்கு மண்ணில் நடப்பதும் இதேதான். வயலில் நைட்ரேட்டை எடுத்துக்கொள்ளப் பயிர் இருக்கிறது. உங்கள் தொட்டியில் அதை எடுத்துக்கொள்வது பாசி.

நன்னீர்த் தொட்டியைவிடக் கடல்நீர்த் தொட்டியில் கவனம் கூடுதலாக வேண்டும். கடல்நீரின் பி.ஹெச். 8.2 அளவில் இருக்கும். பி.ஹெச். 7.2-லிருந்து 8.2 ஆக உயர்ந்தால், அம்மோனியாவில் நஞ்சாக இருக்கும் பகுதி ஏறக்குறைய பத்து மடங்காகிவிடும். போதாததற்கு, உப்பு நீரில் கரையும் ஆக்ஸிஜனும் நன்னீரைவிடக் குறைவு.

உங்கள் தொட்டியின் வரவு செலவு

200 லிட்டர் தொட்டியில் பாறை, மணல் போக 160 லிட்டர் தண்ணீர் இருக்கும் என்று வைத்துக்கொள்வோம். 45 சதவிகிதம் புரதமுள்ள உலர் தீவனம் ஒரு கிராமில் 72 மில்லிகிராம் தழைச்சத்து இருக்கிறது. அதில் 60 சதவிகிதம் தண்ணீருக்குப் போவதாகக் கொண்டால், முடிவில் ஏறத்தாழ 190 மில்லிகிராம் நைட்ரேட் ஆகும். அதாவது, தினமும் ஒரு கிராம் போட்டால் லிட்டருக்கு 1.2 மில்லிகிராம் வீதம் கூடும். வாரத்துக்கு 8.4 மில்லிகிராம்.

வாரம் ஐந்தில் ஒரு பங்கு தண்ணீரை மாற்றும்போது இருப்பதில் ஐந்தில் ஒரு பங்குதான் வெளியேறும். வரவும் செலவும் சமமாகும் இடத்தில் நைட்ரேட் நின்றுவிடும். ஒரு கிராம் தீவனத்துக்கு அது 42-ல் நிற்கும். உங்கள் வீட்டுச் சிட்டிகை அரை கிராம் என்றால், மூன்று சிட்டிகைக்கு ஒன்றரை கிராம். அது 63-ல் நிற்கும். நீங்கள் எழுதியிருக்கும் 60-க்கு மிக அருகில் வருகிறது. பாறையும் பாசியும் கொஞ்சம் எடுத்துக்கொள்ளும் என்பதால் இது தோராயக் கணக்குதான். ஆனாலும் திசையைச் சரியாகக் காட்டுகிறது.

பெரிய ஃபில்டர் ஏன் வேண்டாம் என்றேன் என்பது இப்போது புரிந்திருக்கும். சாதாரண ஃபில்டர் அம்மோனியாவை நைட்ரேட்டாக மாற்றும் வேலையைத்தான் செய்கிறது. அந்த வேலை உங்கள் தொட்டியில் ஏற்கெனவே நன்றாக நடக்கிறது. நைட்ரேட்டை அது குறைக்காது.

எவ்வளவு போடலாம்?

விரல் நீளக் கோமாளி மீன் ஒன்று 4 முதல் 5 கிராம் இருக்கும். உங்கள் நான்கு மீன்களும் சேர்ந்து 20 கிராம் என்று கொள்ளுங்கள். பண்ணைக்குட்டையில் எடை கூட்டி விற்க வேண்டும். அதனால் குஞ்சுப் பருவத்தில் உடல் எடையில் 5 சதவிகிதம், அதற்கு மேலும்கூடத் தீவனம் போடுகிறோம். வீட்டுத் தொட்டியில் மீன் கிலோ கணக்கில் வளர வேண்டியதில்லை. வளர்ந்த மீனுக்கு உலர் தீவனமாக உடல் எடையில் 1 முதல் 2 சதவிகிதம் போதும். உங்கள் தொட்டிக்கு நாளொன்றுக்கு 0.2 முதல் 0.4 கிராம். நீங்கள் போடும் ஒன்றரை கிராம் என்பது 7 சதவிகிதத்தைத் தாண்டுகிறது.

சிட்டிகையை இப்படி அளந்து பாருங்கள். ஒரு காகிதத்தில் பத்துச் சிட்டிகை போட்டு நிறுத்து, பத்தால் வகுத்தால் உங்கள் கைக்கணக்கு தெரிந்துவிடும். பிள்ளைகளின் சிட்டிகை வேறு, அம்மாவின் சிட்டிகை வேறு. அதனால் மருந்துக் கடையில் கிடைக்கும் ஏழு அறை மாத்திரைப் பெட்டி ஒன்றை வாங்கி, ஞாயிறன்று அறைக்கு 0.4 கிராம் வீதம் ஆறு அறைகளை நிரப்புங்கள். ஏழாவது அறை காலியாகவே இருக்கட்டும். வாரம் ஒருநாள் பட்டினி வளர்ந்த மீனைப் பாதிக்காது. அன்றைய அறை காலியாக இருந்தால், யாரோ போட்டுவிட்டார்கள் என்று வீட்டில் எல்லோருக்கும் தெரியும். காலையில் பாதி, மாலையில் பாதி என்று பிரித்துப் போடுவது நல்லது.

கடலோர இறால் பண்ணைகளில் செக் டிரே எனப்படும் சோதனைத் தட்டில் கொஞ்சம் தீவனம் வைத்து இறக்கி, மிச்சம் இருக்கிறதா என்று பார்த்துத்தான் அடுத்த வேளை அளவைக் கூட்டிக் குறைப்பார்கள். நீங்களும் தொட்டியின் அடியில் ஒரு சிறிய கண்ணாடிக் கிண்ணம் வையுங்கள். பத்து நிமிடம் கழித்து அதில் தீவனம் கிடந்தால் மறுவேளை குறையுங்கள். தலைக்குப் பின்னால் முதுகுச் சதை ஒடுங்கியோ, வயிறு உள்வாங்கியோ தெரிந்தால் கொஞ்சம் கூட்டுங்கள்.

உறைந்த ஆர்டீமியா, மைசிஸ் கட்டிகள் போடுபவர்கள் பசுந்தீவனக் கணக்கை நினைவில் வைக்க வேண்டும். பத்துக் கிலோ பசும்புல்லும் பத்துக் கிலோ வைக்கோலும் ஒன்றல்லவே! உறைந்த கட்டியில் பெரும்பகுதி தண்ணீர்தான். 4 கிராம் கட்டியில் உலர்பொருள் அரை கிராம் அளவுக்குத்தான் இருக்கும். கட்டி போடும் நாளில் உலர் தீவனம் வேண்டாம். கட்டியைக் கரைத்து வடிகட்டி, சாற்றைக் கொட்டிவிட்டுப் போடுங்கள்.

மத்திகிரிக்குக் கூடுதல் குறிப்புகள்

ஓசூர்ப் பகுதி மேட்டுநிலம். மார்கழி, தை இரவுகளில் நன்றாகக் குளிரும். கடல் மீனுக்கு 24 முதல் 28 டிகிரி வெப்பம் வேண்டும். தண்ணீர் குளிர்ந்தால் மீனின் செரிமானம் மந்தமாகும். ஹீட்டர் பழுதாகி வெப்பநிலை இறங்கிய நாளில் தீவனத்தைப் பாதியாகக் குறையுங்கள். மின்சாரம் இல்லாத நேரத்தில் தீவனமே போடாதீர்கள். பம்ப் நின்றால் ஆக்ஸிஜன் குறையும். அந்த நேரத்தில் வயிறு நிறைந்த மீன்தான் முதலில் திணறும்.

கடலோர ஊர்க்காரர்களுக்குக் கடல்நீர் பக்கத்தில் கிடைக்கும். உங்களுக்கு ஒவ்வொரு லிட்டருக்கும் 35 கிராம் உப்புக் கலவை காசு கொடுத்து வாங்க வேண்டும். 32 லிட்டர் மாற்ற ஒரு கிலோவுக்கு மேல் உப்பு ஆகிறது. தீவனத்தில் கை மிஞ்சினால் உப்பிலும் செலவு மிஞ்சும். போர்வெல் தண்ணீரில் உப்பைக் கரைப்பவர்கள், அந்தத் தண்ணீரையே முதலில் நைட்ரேட் பரிசோதனை செய்யுங்கள். உரம் அதிகம் போடும் காய்கறி, மலர்த் தோட்டங்களின் பக்கத்துக் கிணறுகளில் நைட்ரேட் ஏற்கெனவே கலந்திருக்கலாம். தொட்டியிலிருந்து எடுத்த பழைய தண்ணீரை ரோஜாச் செடிக்கோ தென்னைக்கோ ஊற்றாதீர்கள். உப்பு மண்ணைக் கெடுத்துவிடும்.

இனிமேல் மீன் வாங்கினால், பொரிப்பகத்தில் பிறந்த கோமாளி மீனா என்று கேட்டு வாங்குங்கள். மண்டபத்திலுள்ள மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையமும், பரங்கிப்பேட்டையிலுள்ள அண்ணாமலைப் பல்கலைக்கழகக் கடல் உயிரியல் மையமும் இவற்றைப் பொரிக்க வைத்து வளர்த்திருக்கின்றன. குஞ்சிலேயே குருணைத் தீவனத்துக்குப் பழகியவை என்பதால் அளந்து போடுவது எளிது. கடல் குதிரை யார் கொடுத்தாலும் வாங்காதீர்கள். இரைப்பை இல்லாத உயிர் என்பதால் நாள் முழுக்க இரை வேண்டும். அதோடு, 2001 முதல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் அது பாதுகாக்கப்பட்ட இனம்.

அளவைக் குறைத்த மறுநாளே பலன் தெரியாது. தினம் 0.4 கிராம், வாரம் ஐந்தில் ஒரு பங்கு தண்ணீர் என்று விடாமல் செய்தால், மேலே போட்ட கணக்குப்படி நைட்ரேட் நான்கு வாரத்தில் 35-க்கும், எட்டு வாரத்தில் 25-க்கும் இறங்க வேண்டும். பிறகு மெல்ல 20-க்குக் கீழே போகும். ஞாயிறுதோறும் பெட்டியை நிரப்பும்போதே அளந்து ஒரு நோட்டில் குறித்து வாருங்கள். எட்டு வாரம் கழித்தும் எண் இறங்கவில்லை என்றால், அந்தக் குறிப்போடு எங்களுக்கு எழுதுங்கள். ஃபில்டரைப் பற்றி அப்போது பேசலாம்.