ஆழமறியாமல் காலை விடாதீர்கள்



'சயாமுக்குப் போனவர் திரும்பவே இல்லை' என்று உங்கள் வீட்டுப் பெரியவர்கள் சொல்லக் கேட்டிருப்பீர்கள். ஜப்பானியர் ஆண்ட காலத்தில், 'மூன்றே மாத வேலை, நல்ல கூலி, ரயில் இலவசம்' என்று தோட்டத்து மக்களுக்கு ஆசை காட்டினார்கள். நம்பிப் போனவர்கள் உண்டு. பிடித்து ஏற்றப்பட்டவர்களும் உண்டு. 1943 அக்டோபரில் 415 கிலோமீட்டர் சயாம்-பர்மா ரயில் பாதை முடிந்தபோது, பல்லாயிரம் மலாயாத் தமிழர்கள் காலராவுக்கும் பட்டினிக்கும் பலியாகியிருந்தார்கள்.

பழைய கதைதானே என்று தள்ளிவிடாதீர்கள். ஜார்ஜ் டவுனில் காலையில் வேன் ஏறினால் மாலைக்குள் தாய்லாந்தின் ஹட்யாய். 'தாய்லாந்தில் கணினி வேலை, கைநிறையச் சம்பளம், டிக்கெட் எங்கள் செலவு' என்று இன்று கைப்பேசியில் அழைப்பு வருகிறது. அப்படி நம்பிப் போன மலேசிய இளைஞர்கள் சிலர், மோய் ஆற்றைக் கடந்து மியான்மாரின் மியாவாடிக்குக் கொண்டுபோகப்பட்டார்கள். 2021 ராணுவப் புரட்சிக்குப் பின் சண்டை மூண்ட பகுதி அது. கடப்பிதழ் பறிபோனது, ஊரை ஏமாற்றும் மோசடி வேலைதான் கிடைத்தது, மறுத்தவருக்கு அடி, உதை.

மகனோ மகளோ வெளிநாட்டு வேலைக்குக் கிளம்பினால், முதலாளி யார், எந்த ஊர் என்று எழுத்தில் கேளுங்கள். அங்கே சண்டை உண்டா என்று விஸ்மா புத்ராவில் விசாரியுங்கள். கடப்பிதழின் நகலை வீட்டில் வையுங்கள். அசலை எந்த ஏஜெண்டிடமும் கொடுக்க வேண்டாம் என்று சொல்லியனுப்புங்கள். பேசிய ஊரை விட்டு வண்டி வேறு பக்கம் திரும்பினால், உடனே வீட்டுக்கும் மலேசியத் தூதரகத்துக்கும் தகவல் வர வேண்டும்.

அன்று கேட்டுத் தெரிந்துகொள்ள நம் பாட்டன்மாருக்கு வழியில்லை. நமக்கு உண்டு. கேட்க வெட்கப்படாதீர்கள்.