ஆறுமணிக் குருவியும் காவிரிக் கரைச் சோலைகளும்

ஐப்பசி மழை தொடங்கும் தறுவாயில் பூம்புகாரை அடுத்த சிற்றூர்களுக்கு ஆண்டுதோறும் ஒரு விருந்தாளி வந்து சேருகிறது. அதன் வருகையை அறிபவர் மிகச் சிலரே. விடியற்காலையிலும் அந்தி வேளையிலும் புதரினுள்ளிருந்து இரண்டே ஸ்வரங்களில் ஒரு சீழ்க்கை கேட்கும், பிறகு மௌனம். இது பற்றியே நம் ஜனங்கள் அதற்கு ஆறுமணிக் குருவி என்று பெயரிட்டனர்.

இதனைக் காண விரும்புவோர் நடந்து திரியலாகாது, உட்கார வேண்டும். காவிரி கடலோடு கலக்குமிடத்துக்கு அணித்தான ஒரு பழந்தோப்பில், பொழுது புலருமுன் மரத்தடியில் சாய்ந்தவண்ணம் நாம் அவ்வாறு காத்திருந்ததுண்டு. சீழ்க்கை எழுந்து ஓய்ந்தது. நெடுநேரம் ஒன்றுமில்லை. கொசுக்கடியைப் பொறுத்தவர்க்கே அடுத்த காட்சி கிட்டும் போலும்! சருகு புரளும் ஓசை கேட்டது. ஓணான் என்றே எண்ணினோம். பிறகு ஈரமண்ணில் தத்தித் தத்தி அது வெளிப்பட்டது. மைனாவினும் சிறிய உருவம். வால் உண்டோ இல்லையோ என்று ஐயுறத்தக்க குறுவால். பச்சை முதுகு, நீலத் தோள், வெண்கழுத்து, மங்கிய மஞ்சள் மார்பு, வாலடியில் செம்மை, கண்ணின் வழியே மை தீட்டினாற்போன்ற கறுங்கோடு. வடநாட்டார் இதனை 'நவரங்' என்று அழைப்பது முற்றும் பொருந்தும். அலகினால் சருகைப் புரட்டி ஒரு மண்புழுவை இழுத்தது. நாம் கால் மாற்றி உட்காரவே மறைந்தது. இத்தனை வர்ணங்களையும் பூண்டு நிலத்திலேயே உலவும் பறவை கண்ணுக்கு அகப்படாதிருப்பது சருகும் நிழலும் அளிக்கும் பாதுகாப்பினாலன்றோ?

இமயமலை அடிவாரத்திலும் மத்திய இந்தியாவிலும் மழைக்காலத்தில் குஞ்சு பொரித்து, குளிர்காலத்திற்குத் தென்னாட்டுக்கும் இலங்கைக்கும் வருவது இதன் வழக்கம். பிரயாணம் இரவில் நிகழ்வது. களைப்பு மிகுந்த பறவை சில சமயம் வீட்டுத் தாழ்வாரத்தில் வந்து விழுந்து கிடக்கும். பூனைக்கு இரையாவதும் உண்டு. அவ்வாறு கண்டெடுப்போர் கூண்டிலடைத்து வேடிக்கை பார்த்தல் கூடாது. காற்றுப் புகும் அட்டைப் பெட்டியில் இருட்டில் இளைப்பாற விட்டு, அந்தியில் அருகிலுள்ள புதரில் விடுவதே முறை. 1972ஆம் வருஷத்து வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டமும் இதைப் பிடித்து வைப்பதற்கு இடந்தரவில்லை.

இவ்வினத்தைக் குறிக்க உலகத்துப் பறவை நூலார் வழங்கும் 'பிட்டா' என்னும் சொல், சிறு பறவையைக் குறிக்கும் தெலுங்குச் சொல்லேயாம். ஐரோப்பியப் பண்டிதர் நம் அண்டை வீட்டாரின் சொல்லை எடுத்துச் சென்று சாஸ்திரப் பெயராக்கினர். நாமோ நம் பாட்டனார் இட்ட பெயரையே மறந்து நிற்கிறோம்.

பெயரைக் காட்டிலும் பெரிய நஷ்டம் ஒன்றுண்டு. புகாரைச் சூழ்ந்திருந்த சோலைகளாக உவவனம், இலவந்திகை, உய்யானம், சம்பாதி வனம், கவேர வனம் என ஐந்தினை மணிமேகலை குறிப்பிடுகிறது. இன்றும் பக்கத்து ஸ்தலங்களின் பெயர் சாயாவனம், திருவெண்காடு. பெயரில் வனமிருக்கிறது, நிலத்தில் எங்கே? நெல் விளைவிக்கக் காடு திருத்தியதைக் குறை கூறுவார் யார்? சோறின்றி தேசமில்லை. ஆனால் எஞ்சிய துண்டுத் தோப்புகளும் நந்தவனங்களும் வயலுக்காகவா அழிகின்றன? மனைகளுக்காகவும், 'சுத்தம்' என்ற பெயரால் சருகைக் கூட்டிக் கொளுத்தும் பழக்கத்தாலும் அன்றோ அழிகின்றன! 2004ஆம் வருஷத்து ஆழிப்பேரலைக்குப் பின் கரையோரங்களில் சவுக்கு நட்டார்கள். காற்றைத் தடுக்க அது உதவும். ஆயினும் அதன் ஊசிச் சருகு மூடிய தரை, புதரும் புழுவும் நிறைந்த பழந்தோப்பின் தரைக்கு ஈடாகுமா?

தெற்கே சென்றால் ஆறுதல் உண்டு. 1930ஆம் வருஷம் ஏப்ரலில் ராஜாஜி தலைமையில் திருச்சிராப்பள்ளியிலிருந்து உப்புச் சத்தியாக்கிரகிகள் நடந்து வந்தடைந்த வேதாரணியமே பழைய திருமறைக்காடு. நம் குருவி வடக்கே திரும்பும் மாதமும் அதுவே. அதனை அடுத்த கோடியக்கரையில் பாலை மரங்கள் அடர்ந்த பசுங்காடு இன்னும் நிற்கிறது. 1967ல் அது சரணாலயமாக்கப்பட்டது. 2018 நவம்பரில் கஜா புயல் அங்கே ஏராளமான மரங்களைச் சாய்த்தது. சீமைக்கருவேலும் உட்புகுந்து வருகிறது. எனினும் வலசைப் பறவைகளுக்கு அது பெரிய தங்குமிடம்.

ஆனால் இரவில் பறந்து வரும் பறவைக்கு ஒரே ஒரு சத்திரம் போதாது. கோடியக்கரைக்கும் புகாருக்கும் இடையே ஊருக்கு ஒரு சிறு புதராவது வேண்டும். நாம் கேட்பது பெரும் பொருட்செலவன்று. கோயில் தர்மகர்த்தாக்கள் நந்தவனத்தின் ஒரு மூலையைப் பெருக்காமல் விட்டுவைக்கலாம். பஞ்சாயத்தார் குளக்கரைப் புதரை வெட்டு ஏலத்திலிருந்து நீக்கலாம். சருகு எரிப்பதைப் புரட்டாசி முதல் சித்திரை வரையிலாவது நிறுத்தி வைக்கலாம். ஊர்தோறுமுள்ள வாலிபர் சங்கத்தார் மார்கழி பஜனைக்கு எழும் வேளையில் சற்றுச் செவி கொடுத்து, எந்தத் தோப்பில் அச்சீழ்க்கை கேட்கிறது, எதில் நின்றுபோயிற்று என்று குறித்து வைப்பார்களாயின், அக்குறிப்பைக் கையில் ஏந்தியே பஞ்சாயத்தாரிடம் பேசலாம்.