பாதி வண்டி, முழு உழைப்பு

1980-ல் சந்தைக்கு வந்த டொயோட்டா லேண்ட் குரூஸர் 60 வரிசை வண்டிகளுக்குத் துரு பெரும்பாலும் பின்னாலிருந்துதான் ஏறும். பின்கதவின் அடிவிளிம்பு, பக்கக் கண்ணாடி ரப்பருக்குக் கீழே தண்ணீர் தேங்கும் இடுக்கு, பின்சக்கர வளைவின் உள்பக்கம் என்று சேறும் மழைநீரும் உள்ளே போனால் வெளியே வர வழியில்லாத இடங்கள் அங்கேதான் அதிகம். பார்வைக்குப் பெயிண்ட் நன்றாகத்தான் இருக்கும். கட்டைவிரலால் ஓர் அழுத்து அழுத்தினால் தகடு பொடிந்து விரல் உள்ளே போய்விடும்.

அதே வண்டியின் முன்பாதியைப் பாருங்கள். நான்கு லிட்டர், ஆறு சிலிண்டர் டீசல் எஞ்சின். ஒழுங்காக ஆயில் மாற்றி வைத்திருந்தால், இத்தனை வயதுக்குப் பிறகும் சாவியைத் திருப்பியதும் பிடித்துக்கொள்ளும். கியர்பாக்ஸ், இரண்டு ஆக்ஸில், தடித்த சேஸிஸ் எல்லாம் திடமாக இருக்கும். பின்பாதித் தகட்டை மாற்றி, பட்டி வைத்து, பெயிண்ட் அடித்து முடிக்கிற செலவுக்கு இன்னொரு பழைய வண்டியே வாங்கிவிடலாம். நன்றாக ஓடுகிற வண்டியை உடைக்கப் போடவும் மனசு வராது. ஆஸ்திரேலியப் பண்ணைகளில் இந்த இக்கட்டுக்கு ஒரு வழி வைத்திருக்கிறார்கள். கெட்ட பாதியை வெட்டி எடுத்துவிட்டு, நல்ல பாதிக்குப் பின்னால் ஒரு தொட்டி கட்டிவிடுவார்கள். குடும்பத்தோடு ஊர் சுற்றிய வண்டி, வேலிக்கம்பியும் வைக்கோல் கட்டும் நாயும் ஏற்றுகிற பிக்கப்பாகிவிடும். அந்த ஊர்ப் பேச்சில் அது 'யூட்'.

யூட் மீது அவர்களுக்கு இருக்கும் பாசம் பழையது. 1932-ல் விக்டோரியா மாநிலத்தின் கிப்ஸ்லாந்து பகுதியிலிருந்து ஒரு விவசாயியின் மனைவி ஃபோர்டு நிறுவனத்துக்குக் கடிதம் எழுதினார் என்பது அங்கே எல்லோருக்கும் தெரிந்த கதை. ஞாயிற்றுக்கிழமை நனையாமல் தேவாலயத்துக்குப் போக வேண்டும், திங்கட்கிழமை பன்றிகளைச் சந்தைக்கு ஏற்றிப் போக வேண்டும், இரண்டுக்கும் சேர்த்து ஒரே வண்டி செய்து தாருங்கள் என்று கேட்டாராம். ஜீலாங் தொழிற்சாலையில் வேலை பார்த்த லூ பாண்ட் என்ற இளம் வடிவமைப்பாளர், காரின் முன்பகுதியையும் சரக்குத் தொட்டியையும் ஒரே உடலாக இணைத்து வரைந்து கொடுத்தார். 1934-ல் அது விற்பனைக்கு வந்தது. அவருடைய முடிவும் அந்த வண்டியோடுதான் நேர்ந்தது. 1987-ல், புதுப்பித்து வைத்திருந்த 1934 மாடல் யூட்டை ஓட்டிப் போகும்போது விபத்தில் இறந்தார். உள்நாட்டு யூட் தயாரிப்பை ஃபோர்டு 2016-லும் ஹோல்டன் 2017-லும் நிறுத்திவிட்டன. ஆசை மட்டும் நிற்கவில்லை. நியூ சவுத் வேல்ஸில் டெனிலிக்வின் என்ற சிற்றூரில் 1999 முதல் நடக்கிற யூட் திருவிழாவுக்கு ஆயிரக்கணக்கில் வண்டிகள் வருகின்றன. அப்படிப்பட்ட நாட்டில் வீட்டு ஷெட்டில் ஒருவர் தன் ஜீப்பைக் குறுக்கே அறுத்தால் யாரும் அவரைக் கிறுக்கன் என்று சொல்ல மாட்டார்கள். கிரைண்டரை எடுத்துக்கொண்டு உதவிக்கு வருவார்கள்.

எந்த வண்டியையும் இப்படி வெட்டிவிடலாமா என்றால், முடியாது. நாமக்கல் பக்கம் லாரிக்குப் பாடி கட்டுவதைப் பார்த்தவர்களுக்கு விஷயம் சட்டென்று பிடிபடும். எஞ்சின், சக்கரம், ஆக்ஸில் எல்லாவற்றையும் சுமந்துகொண்டு சேஸிஸ் தனியாக வந்து நிற்கும். பாடி அதன் மேல் உட்காரும் சுமை மட்டுமே. பழைய லேண்ட் குரூஸர், நிஸான் பேட்ரோல், 1970-ல் வந்த முதல் தலைமுறை ரேஞ்ச் ரோவர் எல்லாம் இந்தக் கட்டுமானம். பாடியில் பாதியை எடுத்தாலும் சேஸிஸ் வளையாது. இன்றைய கார்கள் அப்படியல்ல. கூரை, பக்கத் தகடு, தரை எல்லாம் சேர்ந்துதான் வண்டியின் பலம். மிட்சுபிஷி பஜேரோவே முதல் இரண்டு தலைமுறைகளில் தனிச் சேஸிஸோடு வந்தது. 1999-ல் வந்த மூன்றாம் தலைமுறையில் பாடியும் சேஸிஸும் ஒன்றாகிவிட்டன. அதன் கூரையை வெட்டினால் வண்டியின் முதுகெலும்பையே வெட்டின மாதிரி.

வெட்டுகிறவர்கள் அதிகம் தேடுவது லேண்ட் குரூஸர் 80. 1990-ல் வந்த இந்த வண்டிக்கு முன்னும் பின்னும் காயில் ஸ்பிரிங். கரடுமுரடான பாதையிலும் இடுப்பு நோகாது. அதே காலத்தில் டொயோட்டா பிக்கப்பாக விற்ற 75 வரிசைக்கு லீஃப் ஸ்பிரிங். சுமை ஏற்றினால் சொகுசு, காலியாகப் போனால் உள்ளே இருக்கிறவர் தலை கூரையில் இடிக்கும். 80-ஐ டொயோட்டா ஒருபோதும் பிக்கப்பாகச் செய்து விற்கவில்லை. கம்பெனி செய்யாததை ஷெட்டில் செய்துகொண்டார்கள்.

இதில் எனக்கு ஒரு கறார் உண்டு. துருவில்லாத, முழுசான 60 அல்லது 80 கையில் இருந்தால் வெட்டாதீர்கள். அப்படிப்பட்ட வண்டிகள் ஆண்டுக்கு ஆண்டு குறைந்துகொண்டே வருகின்றன. பின்னால் இடி வாங்கியது, துரு தின்றது, இவைதான் இந்த வைத்தியத்துக்கு ஏற்ற நோயாளிகள்.

அடுத்த கேள்வி, எங்கே வெட்டுவது. முன்கதவுக்குப் பின்னால் வெட்டினால் இரண்டு பேர் உட்காரும் கேபினும் நீளமான தொட்டியும் கிடைக்கும். ஆனால் நான்கு கதவு வண்டியில் நடுத்தூண் ரொம்ப முன்னால் இருக்கும். தூணை ஒட்டியே வெட்டினால் சீட்டைச் சாய்க்க இடமில்லாமல் உயரமானவர்கள் முழங்கால் மடக்கி உட்கார வேண்டியதுதான். அதனால் விவரம் தெரிந்தவர்கள் தூணுக்குப் பின்னால் ஒரு சாண் விட்டு வெட்டுவார்கள். பின்சீட்டுக் கதவுக்குப் பின்னால் வெட்டினால் ஐந்து பேர் உட்காரலாம், தொட்டிதான் குட்டையாகிவிடும். அந்தக் கதவின் கீழ்மூலையே சக்கர வளைவுக்காக வளைந்திருப்பதால், கேபின் முடிகிற இடத்தில் சக்கரம் தொடங்கிவிடுகிறது. தொட்டி நீளம் வேண்டும் என்று சேஸிஸையே வெட்டி நீட்டுகிறவர்களும் இருக்கிறார்கள். அது வேறு ஆட்டம். வீட்டு ஷெட்டில் விளையாடக் கூடாத ஆட்டம்.

நல்ல கைக்காரர் உடனே கிரைண்டரைத் தொடுவதில்லை. முதலில் கதவுகளைத் திறந்து, கதவு வாசலின் குறுக்கே சதுரக் குழாயை வைத்து வெல்ட் அடித்துவிடுவார். பின்பாதி பிடிமானம் போனதும் மீதி இருக்கும் கேபின் சற்றே விரிந்துகொடுக்கும். ஐந்து மில்லிமீட்டர் விரிந்தாலும் போதும், கதவு பூட்டில் விழாது. குறுக்குக் குழாய் கொடுத்தபின் பேட்டரியைக் கழற்ற வேண்டும், டீசல் டேங்கை இறக்கி வெளியே கொண்டுபோக வேண்டும், தரைவிரிப்பையும் கூரைத் துணியையும் உரித்தெடுக்க வேண்டும். தரைத் தகட்டில் சத்தம் அடங்குவதற்காக ஒட்டியிருக்கும் தார்ப் பட்டையை மட்டும் பலர் மறந்துவிடுவார்கள். வெல்டிங் சூட்டில் அது உள்ளுக்குள் கனன்றுகொண்டே இருந்து, ஆள் டீ குடிக்கப் போன நேரத்தில் பற்றிக்கொள்ளும். வேலை முடிந்தபிறகும் அரை மணி நேரம் பக்கத்தில் தண்ணீரோடு ஒருவர் இருப்பது நல்லது.

வெட்டு என்னவோ சீக்கிரம் முடிந்துவிடும். ஒரு மில்லிமீட்டர் கட்டிங் வீல் கூரைத் தகட்டில் வெண்ணெயில் போவதுபோல் போகும். கோட்டின் மேலேயே வெட்டாமல் இரண்டு விரல்கடை கூடுதலாக விட்டு வெட்டி, அந்த ஓரத்தை உள்பக்கம் மடித்துக்கொள்வார்கள். பின்சுவர்த் தகடு உட்காருவதற்கு அந்த மடிப்புதான் ஆதாரம். பக்கத் தகட்டைப் பிரிக்கும்போது உள்ளேயிருந்து காய்ந்த சேறும் புல்லும், சில சமயம் எலிக்கூடும் கொட்டும். துரு ஏன் அங்கே தொடங்கியது என்பதற்கு வேறு விளக்கம் வேண்டாம்.

பின்சுவர்தான் இந்த வேலையின் உயிர்நாடி. சிலர் வண்டியின் சொந்தப் பின்கதவையே முன்னால் கொண்டுவந்து கேபினுக்குப் பின்சுவராகப் பொருத்திவிடுவார்கள். கண்ணாடி, வளைவு எல்லாம் கூரையோடு பொருந்தி வரும் என்பதால் பார்க்கவும் அழகு. சிலர் வேறு பிக்கப்பின் பின்சுவரை உடைசல் கடையில் வாங்கி ஒட்டுவார்கள். தகட்டை வளைத்துப் புதிதாகவே செய்கிறவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். வண்டியின் பக்கக் கண்ணாடிகளை அளவுக்கு வெட்டிப் பொருத்த முடியாது. அவை சூடேற்றி இறுக்கிய கண்ணாடி. வெட்டுக்கத்தி பட்டதும் சில்லுச் சில்லாக உதிர்ந்துவிடும். கிடைக்கிற கண்ணாடியின் அளவுக்குத்தான் சுவரில் ஓட்டை வைக்க வேண்டும்.

வெல்டிங்கில் அவசரம் ஆகாது. பாடித் தகடு ஒரு மில்லிமீட்டருக்குச் சுற்றி வரும் மெல்லிசு. ஒரே இழுப்பாக இழுத்தால் சூட்டில் நெளிந்து அலை அலையாகிவிடும். இங்கே ஒரு பொட்டு, ஒரு சாண் தள்ளி இன்னொரு பொட்டு, ஆறவிட்டு நடுவில் மூன்றாவது என்று வைத்துக்கொண்டே போக வேண்டும். முடித்து, துத்தநாகப் பிரைமர் அடித்து, இணைப்புகளில் சீலர் பூசியபின் ஒரு சோதனை உண்டு. இரவில் ஒருவர் கேபினுக்குள் உட்கார்ந்துகொள்ள, இன்னொருவர் வெளியே டார்ச் அடித்துக்கொண்டே சுற்றி வர வேண்டும். உள்ளே ஊசிமுனை வெளிச்சம் தெரிந்தாலும் அந்த வழியாகச் செம்மண் தூசி வரும். ஓடுகிற வண்டியின் பின்னால் காற்றழுத்தம் குறைந்து தூசி சுழன்றுகொண்டே இருக்கும். ஓட்டை கிடைத்தால் உள்ளே நுழைந்துவிடும்.

இதுவரை சொன்னது கண்ணுக்குத் தெரியும் வேலை. தெரியாதவை இன்னும் முக்கியம். பாடி சேஸிஸின் மேல் ரப்பர் புஷ்களில் உட்கார்ந்திருக்கிறது. வெட்டியபின் கேபினின் பின்மூலைகளுக்குக் கீழே புஷ் இல்லையென்றால், சேஸிஸிலிருந்து கை நீட்டி ஒரு தாங்கியைப் புதிதாகக் கட்ட வேண்டும். கட்டாவிட்டால் கேபினின் பின்புறம் அந்தரத்தில் ஆடி, சில மாதங்களில் தூணடியில் விரிசல் விடும். தொட்டியைக் கேபினோடு சேர்த்து ஒட்டவே கூடாது. மேடு பள்ளத்தில் சேஸிஸ் முறுக்கும்போது இரண்டும் தனித்தனியாக அசைய வேண்டும். நடுவில் இடைவெளி விடாமல் கட்டிய வண்டியில் தொட்டியின் மூலை கேபினில் இடித்த தழும்பு இருக்கும்.

பின்பாதி பாடியோடு சீட்டும் கண்ணாடியும் கதவும் போனதில் பின்னச்சின் மேல் விழும் எடை கணிசமாகக் குறைந்துவிடும். பழைய எடைக்கு வைத்த ஸ்பிரிங் வண்டியின் பின்புறத்தைத் தூக்கி நிறுத்தும். பல வண்டிகளில் பின்னச்சுக்கும் சேஸிஸுக்கும் நடுவே ஒரு சின்னக் கம்பியோடு பிரேக் வால்வு ஒன்று இருக்கிறது. பின்னால் சுமை எவ்வளவு என்பதை அந்த இரண்டுக்கும் உள்ள இடைவெளியை வைத்து அறிந்து, பின்பிரேக்குக்குப் போகும் அழுத்தத்தைக் கூட்டிக் குறைக்கும். வண்டி நிற்கும் உயரம் மாறினால் அதன் கணக்கும் மாறும். இதைச் சரிசெய்யாமல் ரோட்டில் இறக்கிய வண்டி, மழையில் பிரேக் அடித்த அன்றைக்குத்தான் தன் குணத்தைக் காட்டும். சீட் பெல்ட் மேல்முனை மாட்டியிருக்கும் தூணைத் தொடக் கூடாது. சைலன்சர் வாய் கேபினுக்குக் கீழே நின்றுவிடக் கூடாது; புகை உள்ளே வரும். டேங்க் மூடி, டெயில் லேம்ப், நம்பர் பிளேட் விளக்கு எல்லாவற்றுக்கும் புது இடம் பார்க்க வேண்டும்.

தொட்டியின் நீளத்துக்கும் ஆஸ்திரேலிய விதிகளில் கணக்கு உண்டு. பின்னச்சுக்குப் பின்னால் நீட்டிக்கொண்டிருக்கும் பகுதி வீல்பேஸில் 60 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. லேண்ட் குரூஸர் 80-ன் வீல்பேஸ் 2,850 மில்லிமீட்டர். அப்படியென்றால் 1,710-க்கு மேல் போகக் கூடாது. அந்த அளவு வரை நீட்டுவதும் புத்திசாலித்தனம் அல்ல. சுமையின் நடு பின்னச்சுக்குச் சற்று முன்னால் விழுந்தால்தான் ஸ்டீயரிங் லேசாகித் தடுமாறாமல் வண்டி நேராகப் போகும்.

ஆஸ்திரேலியாவில் இந்த வேலைக்கு 'விஎஸ்பி 14' என்ற தேசிய விதித் தொகுப்பு இருக்கிறது. பயணிகள் வண்டி சரக்கு வண்டியாகிறது, சீட் எண்ணிக்கை மாறுகிறது, ஆகவே அங்கீகரிக்கப்பட்ட பொறியாளர் பார்த்துச் சான்று தர வேண்டும். நடைமுறை மாநிலத்துக்கு மாநிலம் வேறுபடும். பொறியாளரிடம் வெட்டுவதற்கு முன்பே போய்விட வேண்டும். வெட்டியபின் போனால், மூடிய வெல்டை மறுபடி திறந்து காட்டச் சொன்னாலும் சொல்வார். சான்றில்லாத வண்டி பண்ணை வேலிக்குள்தான் ஓட முடியும். இன்சூரன்ஸும் கை கொடுக்காது. அங்கே வசிக்கும் நம் வாசகர்கள் யாராவது ஷெட்டையும் பழைய பேட்ரோலையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தால், முதல் செலவு கிரைண்டருக்கு அல்ல, பொறியாளருக்கு.

தமிழ்நாட்டில் கொட்டகையில் துருப்பிடித்து நிற்கும் டாடா சுமோவைப் பார்த்து இதே யோசனை வருகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. இங்கே அதற்கு வழியில்லை. தயாரிப்பாளர் கொடுத்து ஆர்.சி. புத்தகத்தில் ஏறிய விவரங்களுக்கு மாறாக வண்டியை மாற்றுவதை மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு தடுக்கிறது. 2019 ஜனவரியில் கேரள உயர் நீதிமன்றத் தீர்ப்பு ஒன்றை ரத்து செய்தபோது உச்ச நீதிமன்றமும் இதை உறுதிப்படுத்திவிட்டது. அதே ஆண்டு வந்த சட்டத் திருத்தத்தின்படி, அனுமதியில்லாமல் வண்டியை மாற்றும் உரிமையாளருக்கு ஆறு மாதம் வரை சிறை, அல்லது ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும்.