ஏஎம்ஹெச் குறைஞ்சா குழந்தைக்கு வாய்ப்பே இல்லையா? ஐவிஎஃப் ரிப்போர்ட் எண்கள் சொல்வது என்ன?

திருப்பூர் நெருப்பெரிச்சல் மாதிரி பனியன் கம்பெனிகள் நிறைந்த பகுதியில் ஐவிஎஃப் சிகிச்சை எடுப்பது லேசான விஷயம் இல்லை. ஊசிக்கும் ஸ்கேனுக்கும் ஷிஃப்ட்டை மாத்தணும், லீவு சொல்லணும், சம்பளம் போகும். இவ்வளவுக்கும் பிறகு ரிப்போர்ட்டில் ஒரு எண் குறைஞ்சிருந்தா, 'எல்லாம் முடிஞ்சுது' என்று தோன்றும். ஆனால் அந்த எண் தீர்ப்பு அல்ல. அடுத்து என்ன செய்வது என்று முடிவெடுக்க டாக்டருக்கு உதவும் தகவல், அவ்வளவுதான்.

ஏஎம்ஹெச் எதைக் காட்டுகிறது?

சினைப்பையில் உள்ள சிறு கருமுட்டைப் பைகள் சுரக்கும் ஹார்மோன் இது. ஊசி போட்டால் சுமாராக எத்தனை முட்டை கிடைக்கும் என்று கணிக்க உதவும். முட்டையின் தரத்தைச் சொல்லாது. அதில் வயதுக்குத்தான் பெரிய பங்கு.

குழந்தையின்மைப் பிரச்னை இல்லாத, 30 முதல் 44 வயதுள்ள சுமார் 750 அமெரிக்கப் பெண்களிடம் நடந்த ஆய்வு 2017-ல் 'ஜாமா' இதழில் வெளியானது. ஏஎம்ஹெச் குறைவாக இருந்தவர்களும் மற்றவர்களைப் போலவே இயற்கையாகக் கருத்தரித்தனர். சிகிச்சையில் இருப்பவர்களுக்கு இது அப்படியே பொருந்தாது. ஆனாலும் இந்த ஒரு எண்ணை வைத்து முடிவுக்கு வரக்கூடாது என்பது தெளிவு.

சைக்கிளை ஏன் பாதியில் நிறுத்துகிறார்கள்?

* முட்டைப் பைகள் குறைவு: மருந்தின் அளவையோ முறையையோ மாற்றி அடுத்த முறை முயற்சிக்கலாம்.
* ஈஸ்ட்ரோஜன் மிக அதிகம்: சினைப்பை வீங்கி, வயிற்றில் நீர் கோக்கும் அபாயம் உண்டு. அதனால் கருவை உறைய வைத்து, உடல் தேறிய பிறகு வைப்பார்கள்.
* புரோஜெஸ்டிரோன் முன்கூட்டியே உயர்வு: கருப்பையின் உள்படலம் முந்திக்கொள்ளும். இதற்கும் கருவை உறைய வைப்பதுதான் வழக்கம்.

அதாவது பின்னடைவு போலத் தெரிவதில் பாதி, பாதுகாப்புக்காக எடுத்த முடிவாக இருக்கலாம்.

பீட்டா ஹெச்சிஜி வந்தாச்சு, அப்புறம்?

ஒரே டெஸ்டை நம்ப வேண்டாம். 48 மணி நேரம் கழித்து மறுபடி பார்த்து, எண் எவ்வளவு ஏறுகிறது என்று கவனிப்பார்கள். ஏற்றம் மந்தமாக இருந்தாலோ, எண் இறங்கினாலோ கரு கலைவது, கருக்குழாயில் தங்குவது போன்றவற்றைச் சோதிப்பார்கள். இந்த நேரத்தில் கடும் வயிற்றுவலியோ மயக்கமோ வந்தால் உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்க. முட்டை எடுக்கும் முன் போடும் ஹெச்சிஜி ஊசியாலேயே வீட்டு டெஸ்ட் 'பாசிட்டிவ்' காட்டலாம், அவசரப்பட்டு பார்க்காதீங்க.

கரு கலைந்தால் லீவு உண்டா?

உண்டு. இஎஸ்ஐ-யில் உள்ள பெண்களுக்கு, தேவையான நாட்களுக்குச் சந்தா கட்டியிருந்தால், கரு கலைந்த பின் 6 வாரம் வரை பணப்பலன் கிடைக்கும். மருத்துவச் சான்று அவசியம். கரு தங்காமலே போன சைக்கிளுக்கு இது பொருந்தாது.

டாக்டரிடம் கேட்க வேண்டிய 3 கேள்விகள்

1. இந்த எண்ணால் என் சிகிச்சையில் எது மாறும்?
2. உறைய வைக்கக் கரு இருக்கிறதா?
3. அடுத்த முறை எதை மாற்றுவீர்கள், எவ்வளவு செலவாகும்?

பதிலை எழுதி வாங்கிக்கோங்க. முடிஞ்சா கணவரையும் கூட்டிட்டுப் போங்க. விந்தணுப் பரிசோதனை ரிப்போர்ட்டும் இதே ஃபைலில்தான் இருக்கணும்.