குறி பிசகுவதற்குக் கட்டையும் காரணம்

ஈரம் என்ன செய்யும் என்று சிவகாசியை அடுத்த விஸ்வநத்தம்காரர்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. மழை பிடித்துக்கொண்டால் களத்தில் பரப்பிய வெடி காயாது, வேலை நின்றுபோகும். 1920களில் சிவகாசிப் பக்கம் தீப்பெட்டித் தொழில் வேர் பிடித்ததற்கு அப்பகுதியின் வறண்ட காற்றும் ஒரு காரணம். மரக்கட்டை பூட்டிய ரைஃபிளின் குறியைக் கெடுப்பதும் அதே ஈரம்தான். அதற்குப் பரிகாரமாகத் துப்பாக்கிக்காரர்கள் சொல்வது கிளாஸ் பெட்டிங்.

விசையை இழுத்ததும் குண்டு குழலைக் கடக்க ஆகும் நேரம், ஒரு வினாடியில் ஆயிரத்தில் ஒரு பங்குக்குச் சற்றுக் கூடுதல். அதற்குள் குழல் அதிர்கிறது, துப்பாக்கி பின்னுக்கு உதைக்கிறது. 60 செ.மீ. குழலின் வாய் 0.1 மி.மீ. விலகினாலே 100 மீட்டர் தூரத்தில் குண்டு ஏறக்குறைய 17 மி.மீ. தள்ளி விழும். ஆகவே ஒவ்வொரு வெடிக்கும் இரும்பு உடல் கட்டையில் ஒரே மாதிரி அமர்ந்திருக்க வேண்டும். மரமோ ஈரத்தில் உப்பும், வெயிலில் சுருங்கும், இரும்பைக் கட்டையோடு பிணைக்கும் திருகை முடுக்க முடுக்க அமுங்கிக்கொண்டே போகும்.

நம் காவல் நிலையங்களில் வெகுகாலம் இருந்த .303 லீ என்ஃபீல்டே இதற்குச் சாட்சி. வங்காளத்தின் இஷாப்பூர் தொழிற்சாலை, முன்கட்டை பிளந்துவிடாமல் இருக்க அதன் குறுக்கே ஒரு திருகைச் சேர்த்தது. சேகரிப்பாளர்கள் அதை இன்றும் 'இஷாப்பூர் திருகு' என்றுதான் சொல்கிறார்கள். ஆஸ்திரேலியாவின் லித்கோ தொழிற்சாலை, உதை வந்து விழும் இடத்தில் செம்புத் தகடு பதித்தது. மரத்தை மட்டும் நம்ப முடியாது என்பது இரண்டு தொழிற்சாலைகளுக்கும் தெரிந்திருந்தது.

கிளாஸ் பெட்டிங்கில், இரும்பு உடல் அமரும் குழியை இலேசாகச் செதுக்கி, கண்ணாடி இழை கலந்த எபாக்சிப் பசையை நிரப்புவார்கள். இரும்பில் ஒட்டாமலிருக்க மெழுகு பூசி, அதைப் பசையின் மேல் அமர்த்திக் காயவிடுவார்கள். மறுநாள் பிரித்தால், இரும்பின் ஒவ்வொரு வளைவும் பசையில் அச்சாகப் பதிந்திருக்கும். திருகு போகும் துளைகளில் அலுமினியக் குழாய்த் துண்டுகளை நிறுத்துவதும் உண்டு. அதன்பின் எத்தனை முடுக்கினாலும் மரம் அமுங்காது. மெழுகு பூசுவதில் அசட்டையாக இருந்தால் துப்பாக்கி கட்டையோடு நிரந்தரமாக ஒட்டிக்கொள்ளும். இந்த வேலையில் பெரிய ஆபத்து அதுதான்.

பலன் இருக்குமா என்று முன்கூட்டியே ஓரளவு பார்த்துவிடலாம். காலித் துப்பாக்கியை நிமிர்த்தி, குழலும் முன்கட்டையும் சேரும் இடத்தில் விரலை வைத்தபடி முன்திருகைத் தளர்த்த வேண்டும். குழல் துள்ளி விலகுவது விரலுக்குத் தெரிந்தால் அமர்வு சரியில்லை, பெட்டிங் பலன் தரும். அசைவே இல்லையென்றால் பெரிதாக எதுவும் மாறாது. தேய்ந்த குழலையும், ஆடும் தொலைநோக்கியையும், மட்டமான தோட்டாவையும் எந்தப் பசையும் திருத்தாது. குழல் கட்டையில் உரசுகிறதா என்பதையும் பார்க்க வேண்டும். இரண்டுக்கும் இடையே ஒரு ரூபாய் நோட்டு தடையின்றி நழுவிப் போனால் நல்லது.

என் கணிப்பில், ஈரக்காற்று உள்ள ஊரில் மரக்கட்டை ரைஃபிள் வைத்திருப்பவருக்கு இது பணத்துக்கு ஏற்ற வேலை. அதன் முதல் பலன் நிலைத்தன்மை. கார்த்திகையில் சரிபார்த்த குறி சித்திரையிலும் மாறாமல் இருக்கும். கடலூரில் பிறந்த இளவேனில் வாலறிவன் களமிறங்கும் ஏர் ரைஃபிள் போட்டிகளில் இன்று அலுமினியக் கட்டைகள்தான் அதிகம். அவற்றுக்கு இந்தச் சிகிச்சையே வேண்டாம்.

செய்து பார்க்க நினைப்பவர்கள், செய்வதற்கு முன்னும் பின்னும் ஒரே வகைத் தோட்டாவால் ஐந்தைந்தாகப் பலமுறை சுட்டு, குண்டுகள் விழுந்த பரப்பை அளந்து ஒப்பிடுங்கள். ஒரே ஒரு நல்ல இலக்குத்தாளை வைத்து முடிவு கட்டாதீர்கள். துப்பாக்கி பழுதுபார்க்கும் தொழிலுக்கு 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி உரிமம் வேண்டும். அந்த உரிமம் உள்ளவரிடமே வேலையைக் கொடுங்கள்.