செகிசென்கான் விடுதி
ஷிமா வெந்நீரூற்று, குன்மா, ஜப்பான்
மரக் கட்டடம்: 1691, குளியற்கூடம்: 1930

சிவப்புப் பாலத்தின் மறுகரையில் நிற்பது எடோ காலத்து விடுதி. அந்நாளில் வெந்நீர் ஊற்றுகளுக்கு நோய் தீர வந்தவர்கள் நாள்கணக்கில் தங்கி, பெரும்பாலும் தாங்களே சமைத்து உண்டனர். வேளைக்கு வேளை விருந்து பரிமாறும் வழக்கம் பின்னால் வந்தது.

கென்ரோகு குளியற்கூடத்தில் வளைவுச் சாளரங்களின் கீழ் ஐந்து கல்தொட்டிகள் தரையோடு தரையாகப் பதிக்கப்பட்டுள்ளன. உடை மாற்றத் தனியறை கிடையாது. கூடத்தின் ஓரமே அதற்கான இடம். புதியவர்களுக்குச் சற்றுக் கூச்சமாகத்தான் இருக்கும்.

தொட்டி ஊறுவதற்கு மட்டுமே. உடலை வெளியிலேயே கழுவிவிட்டு இறங்க வேண்டும். சிறு துண்டை நீரில் நனைக்கக் கூடாது. பலர் அதை மடித்துத் தலைமேல் வைத்துக்கொள்வார்கள்.